நடைவழியும் நாத்தனார் வீடும்

சிலப்பதிகாரத்தைப் பள்ளியில் பயின்றோர் யாவரும் காற்சிலம்பை அறிவர். மதுரை எரிந்ததையும் அறிவர். புகாரிலிருந்து மதுரை வரையில் கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் நடந்த நடையை ஊன்றிப் படித்தோர் சிலரே. நாடுகாண் காதையை 'வெறும் வருணனை' என்று தள்ளிவிட்டு அடுத்த பாடத்திற்குச் செல்வதை ஆசிரியப் பணியில் நானும் பன்முறை செய்திருக்கிறேன். நம் குடும்பங்கள் அப்பகுதியைத் தள்ளலாகாது. சாவகர்க்கு விதித்த ஒழுக்கம் வீட்டுக்குள் எளிது. வீட்டை விட்டு வழியில் இறங்கியபின் அது எவ்வாறு காக்கப்படும் என்பதே அங்குள்ள பாடம்.

மதுரை எவ்வளவு தொலைவு என்று வினவிய கண்ணகிக்கு, முப்பது காதம் என்பதைக் கோவலன் ஆறைங்காதம் என்று சொல்லாற் சுருக்கி மறைத்தான். காவிரிக் கரையில் தம் பள்ளியிலிருந்த கவுந்தியடிகள், மதுரை அறவோரிடம் அறங்கேட்கும் விருப்பால் உடன் புறப்பட்டார். புறப்படுமுன் அவர் கூறிய எச்சரிக்கைகளை நோக்குங்கள். கிழங்கு அகழ்ந்த குழிகளை உதிர்ந்த பூக்கள் மூடியிருக்கும், காலிடறும் என்கிறார். கரைவழியே செல்லின் நண்டும் நத்தையும் அடியிற்பட்டு நோவுறும். அப்பாவம் தாங்கவொண்ணாதது என்கிறார். முனிவர்க்குரிய ஈரியா சமிதி, அதாவது ஒரு நுகத்தடி அளவு நிலத்தை முன்னே நோக்கி அடிவைத்தல், இங்கே இல்லறத்தாரிருவர்க்கு உரிய நடைமுறைப் பாடமாகிறது. நாளொன்றுக்கு ஒரு காவதத்திற்கு மேற்படாமல் நடந்து, இடையிடையே பன்னாள் தங்கியும் சென்றனர். விரைவாகச் செல்பவர் கண்ணுக்கு நத்தை தெரியாதன்றோ!

இப்பாடத்தைப் பிள்ளைகட்குக் காலால் கற்பிக்க வேண்டுமென்னும் ஆவல் எனக்கு நெடுநாளாக உண்டு. 2019ஆம் ஆண்டு தைத் திங்களில் பேரப்பிள்ளைகள் மூவருடன் திருப்பருத்திக்குன்றத்திலிருந்து மேல்சித்தாமூருக்கு நடந்தேன். (நான் சில இடங்களில் மாட்டுவண்டியிலும் ஒருமுறை ஆட்டோவிலும் ஏறினேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.) விசயநகர அமைச்சர் இருகப்பர் 1387ஆம் ஆண்டளவில் கட்டுவித்த சங்கீத மண்டபத்தில், தீர்த்தங்கரர் வரலாறுகள் தீட்டிய விதானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுப் புறப்பட்டோம். கரந்தை, திருப்பணமூர், வந்தவாசி, பொன்னூர் என்று வழி நீண்டது. விடுதி எதிலும் தங்கவில்லை. தங்கிய இடமெல்லாம் உறவினர் வீடுகளே.

இது சிக்கனம் கருதியதன்று. பொழுது சாயுமுன் உணவு, வடிகட்டிய நீர், கிழங்கில்லாத கறி என்பவற்றைச் சாலையோர உணவகத்தில் எவரிடம் கேட்பது? சிற்றப்பா வீட்டில் கேட்கவே வேண்டுவதில்லை. மாலை ஐந்து மணிக்கே இலை போட்டிருப்பார்கள். நம்மூர்கள் பலவும் ஒரு பகல் நடைக்குள் ஒன்றையொன்று எட்டும் தொலைவில் அமைந்திருப்பதைப் பிள்ளைகள் அவ்வழியிற்றான் கண்டுகொண்டனர். பேருந்தில் சென்றிருந்தால் இது புலப்பட்டிராது.

ஒருநாள் பிழை நேர்ந்தது, பிழை என்னுடையது. பொன்னூர் மலையில் குந்தகுந்தர் திருவடிகளை வணங்கியபின், பழைய ஆசிரியப் பழக்கத்தால் அங்கேயே அமர்ந்து பிள்ளைகட்குப் பாடம் நடத்தத் தொடங்கிவிட்டேன். அன்று நாங்கள் சேரவேண்டிய சிற்றூரில் என் நாத்தனார் தனியே வாழ்ந்து வந்தார், எண்பதைக் கடந்தவர். தெருவிற் பூட்டிய வீடுகளே மிகுதி. நாங்கள் சென்று சேர்ந்தபோது கதிரவன் மறைந்துவிட்டான். சமைத்தவை அனைத்தும் மூடியபடியே இருந்தன. "பொழுது போய்விட்டதே, அம்மா" என்றார், வேறொன்றும் சொல்லவில்லை. பிள்ளைகள் பசியோடு படுத்தனர். அதுவன்று என்னை உறுத்தியது. விருந்தினர் வருமுன் உண்ணலாகாதென்று அவரும் காத்திருந்து, இரவு உண்ணா நோன்பால் பட்டினியாகப் படுத்திருக்கிறார் என்பது மறுநாள் காலையிற்றான் தெரிந்தது. கதிர் எழுந்து இரண்டு நாழிகை கழிந்த பின்னரே அவர் வாயில் நீர் ஊற்றிக்கொண்டார்.

சமந்தபத்திரர் இரத்தினகரண்டகத்தில் கூறும் சிக்ஷா விரதங்களுள் தேசாவகாசிகம் ஒன்று. வீடு, ஊர், வயல், ஆறு, காடு, யோசனை என இவற்றுள் ஒன்றை எல்லையாக வைத்து, இன்ன காலம் இதற்கப்பாற் செல்லேன் என்று வரையறுத்துக்கொள்வது அது. அதனை வகுப்பில் எத்தனையோ முறை விளக்கியவள் நான். என் எல்லை பிறரொருவர் அடுப்போடும் வயிற்றோடும் பிணைந்தது என்பதை அன்றுதான் உணர்ந்தேன். அன்றிரவு அவர் கண்ணைப் பார்க்க எனக்கு நாணமாக இருந்தது.

மீண்டும் காப்பியத்திற்கு வருவோம். மதுரையில் அவர்கட்கு உறவினர் இல்லை. கவுந்தியடிகள் கண்ணகியை மாதரி என்னும் ஆயர் முதுமகளிடம் அடைக்கலமாக ஒப்புவிக்கிறார். வந்தவர்கள் சாவக நோன்பியர், பகலில் உண்போர் என்பதறிந்து, சமைப்பதற்கு நல்ல கலங்கள் தரப்படுகின்றன. கண்ணகி சமைத்தற்குக் கிடைத்தவற்றை எண்ணிப் பாருங்கள்: பலாக்காய், வெள்ளரிக்காய், மாதுளங்காய், மாம்பழம், வாழைப்பழம், சாலியரிசி, பால்படு பொருள்கள். மண்ணுக்கடியில் விளைந்தது ஒன்றேனும் உண்டா? இளங்கோவடிகள் காரணமின்றி எழுதவில்லை என்றே நான் கருதுகிறேன். அவ்வீட்டில் மாதரியின் மகள் ஐயை கண்ணகிக்கு 'நாத்தூண் நங்கை' ஆகிறாள். நாத்தூண் என்பது நாம் இன்று வழங்கும் நாத்தனாரே. உறவில்லாத ஊரில், அடுப்பைக் கொண்டே ஓர் உறவு உண்டாக்கப்படுகிறது.

எட்டாம் நாள் மேல்சித்தாமூரை அடைந்து பார்சுவநாதரை வணங்கினோம். மயிலாப்பூரிலிருந்து கொண்டுவரப்பட்டதென்று வழங்கும் நேமிநாதர் திருவுருவையும் கண்டோம். பிள்ளைகள் அதைவிட நாத்தனார் வீட்டையே இன்றளவும் பேசுகின்றனர்.

பிள்ளைகட்குப் பயிற்சி: உங்கள் பாட்டியிடமோ பெரியத்தையிடமோ அமர்ந்து, உறவினர் வாழ்ந்த ஊர்களை வழிமுறையே எழுதுங்கள். எவ்வூரில் இன்னும் அடுப்பு எரிகிறது, எவ்வூரில் வீடு பூட்டியிருக்கிறது என்று குறியுங்கள். அடுப்பெரியும் வீட்டுக்கு எதிரே மாலையுணவு முடியும் நேரத்தையும் எழுதுங்கள். என் பேத்தியின் ஏட்டில் நாத்தனார் பெயருக்கு நேரே 'ஐந்தரை மணி' என்று எழுதி, இருமுறை அடிக்கோடிட்டிருக்கிறது.