ஆறு வாரத்தில் ஒரு வருடக் கணக்கு

ஏப்ரல் பிறந்தால் எங்கள் ஊர் தமிழ்ப் பள்ளி வாசலில் பேச்சு மாறிவிடும். மற்ற மாதங்களில் வீட்டுக் கடன் வட்டி, விசா, ஊருக்கு டிக்கெட் விலை. ஏப்ரலில் மட்டும், "சம்மர்ல உங்க பொண்ணுக்கு ஜியாமெட்ரி போடறீங்களா?"

கலிஃபோர்னியாவுக்குப் புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே பல உயர்நிலைப் பள்ளிகளில் கணக்கு ஒரு ஏணி. அல்ஜீப்ரா 1, ஜியாமெட்ரி, அல்ஜீப்ரா 2, ப்ரீகால்குலஸ், கால்குலஸ் என்று வருடத்துக்கு ஒரு படி. ஒன்பதாம் வகுப்பில் முதல் படியில் கால் வைத்தால் பன்னிரண்டாவது முடியும்போது ப்ரீகால்குலஸில்தான் நிற்கவேண்டும். பிளஸ் ஒன்னிலேயே லிமிட்டும் வகையிடலும் போட்டுவிட்டு வந்த நமக்கு வயிற்றில் புளியைக் கரைக்கிறது. அதனால் நடுப்படி ஒன்றைக் கோடை விடுமுறையில் ஆன்லைனில் தாண்டிவிடப் பார்க்கிறோம்.

நானும் பார்த்தேன். மூத்தவள் எட்டாம் வகுப்பிலேயே அல்ஜீப்ரா 1 முடித்திருந்தாள். தாண்டாமலே அவளுக்குப் பன்னிரண்டாவதில் கால்குலஸ் வந்துவிடும். எனக்குப் பதினொன்றாவதில் வேண்டியிருந்தது. ஏன் என்று வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை, நான் உட்பட. அப்போது நான் நம்பியவையும் பிறகு தெரிந்துகொண்ட உண்மைகளும் இவை.

நம்பிக்கை: வெளியே படித்து 'ஏ' வாங்கிவிட்டால், பள்ளி அடுத்த வகுப்பில் உட்காரவைத்தே ஆகவேண்டும்.

உண்மை: இங்கே இரண்டு பூட்டு இருக்கிறது. ஒன்று கிரெடிட், அதாவது அந்த மதிப்பெண்ணைப் பள்ளி தன் டிரான்ஸ்கிரிப்டில் ஏற்றுமா என்பது. இன்னொன்று பிளேஸ்மென்ட், அடுத்த வகுப்பில் இடம் தருமா என்பது. ஒன்று திறந்தால் மற்றது தானாகத் திறக்காது. சில டிஸ்ட்ரிக்ட்டுகளில் முன்கூட்டியே கையெழுத்து வாங்காத வெளிப் பாடத்துக்கு இரண்டுமே இல்லை.

நாங்கள் ஆன்லைன் ஜியாமெட்ரிக்கு மே மாதம் பணம் கட்டினோம், ஆகஸ்டில் பள்ளிக் கவுன்சிலரிடம் போனோம். அவர் கோபப்படவில்லை. "ரொம்ப நல்லது, எங்கள் தேர்வையும் எழுதட்டும்" என்றார். தேர்வில் மூன்று நிரூபணம் கேட்டிருந்தார்கள், வெற்றுத் தாளில். மகள் படித்த ஆன்லைன் பாடத்திலும் நிரூபணங்கள் இருக்கத்தான் செய்தன. ஆனால் அங்கே இடப்பக்கம் கூற்றுகள் தயாராக அச்சடித்திருக்கும். வலப்பக்கம் காரணத்தை ஒரு சின்னப் பெட்டியைத் தட்டி, விழும் நான்கில் ஒன்றாகத் தேர்ந்தெடுக்கவேண்டும். தவறினால் மறுபடி தட்டலாம். ஆறு வாரம் அப்படித் தட்டித் தட்டியே 94 சதவீதம் வந்திருந்தது. அந்த ஆகஸ்ட் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். முக்கோணம் அழகாக வரைந்திருக்கிறாள், சமபக்கங்களில் குறுங்கோடு போட்டிருக்கிறாள். முதல் வரியில் "கொடுக்கப்பட்டது" என்று எழுதியிருக்கிறாள். அதற்குக் கீழே வெள்ளைத் தாள்.

ஒன்பதாம் வகுப்பில் ஜியாமெட்ரியை முதலிலிருந்து படித்தாள்.

பள்ளியைக் கட்டாயப்படுத்தச் சட்டம் இல்லையா என்று கேட்கலாம். கலிஃபோர்னியாவில் 2015இல் கணித பிளேஸ்மென்ட் சட்டம் ஒன்று வந்தது. ஒன்பதாம் வகுப்புக்குள் நுழையும் பிள்ளையை எந்தக் கணக்கில் போடுவது என்பதற்குப் பள்ளி நிர்வாகம் எழுத்தில் விதி வைத்திருக்கவேண்டும், புறவயமான அளவுகோல்களைப் பார்க்கவேண்டும், பள்ளி திறந்த முதல் மாதத்துக்குள் ஒருமுறை சரிபார்க்கவேண்டும், பெற்றோர் முறையிட வழி தரவேண்டும் என்கிறது. நல்ல சட்டம். நீங்கள் வெளியே வாங்கிவந்த சான்றிதழை ஏற்றுக்கொள் என்று மட்டும் அது சொல்லவில்லை.

யு.சி. எனப்படும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகக் கல்லூரிகள் மனதில் இருந்தால் இன்னொன்றும் பார்க்கவேண்டும். நிறுவனத்துக்கு அங்கீகாரம் இருந்தால் மட்டும் போதாது. நீங்கள் சேரும் அதே பாடம், யு.சி. சேர்க்கைக்கு ஏற்கும் பாடங்களின் 'ஏ-ஜி' பட்டியலில் இருக்கவேண்டும். பட்டியல் பொதுவில் கிடைக்கிறது, தேட ஐந்து நிமிடம்கூட ஆகாது. நான் அந்த ஐந்து நிமிடத்தைச் செலவிட்டது பணம் கட்டிய பிறகு.

நம்பிக்கை: ஒரு வருடப் பாடத்தை ஆறு வாரத்தில் முடிக்கலாம், பள்ளியில் நேரத்தைத்தான் வீணடிக்கிறார்கள்.

உண்மை: பள்ளியில் 180 நாள், நாளுக்கு ஐம்பது நிமிடம் என்றால் 150 மணி நேரம். அமெரிக்காவில் ஒரு வருடப் பாடத்துக்கு நெடுங்காலமாகச் சொல்லப்படும் 'கார்னெகி யூனிட்' அளவு 120 மணி. குறைந்ததையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு வாரம், வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் நாளுக்கு நான்கு மணி நேரம் பாடம். வீட்டுப்பாடம் தனி. பதினான்கு வயதுப் பிள்ளை ஜூலை மாதத்தில் இதைச் செய்வது முடியாத காரியமல்ல, செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அதே ஆறு வாரத்தில் மூன்று வாரம் ஊருக்கும் போய்வருவோம் என்று திட்டம் போடுகிறோமே, அங்கேதான் இடிக்கிறது. கோடையில் நமக்கும் சென்னைக்கும் பன்னிரண்டரை மணி நேர இடைவெளி. இங்கே காலை 9 மணிக்குக் கண்காணிப்போடு நடக்கும் தேர்வு தாத்தா வீட்டில் இரவு ஒன்பதரைக்கு. மகள் மிட்டெர்ம் எழுதியது கூடத்தில் சீரியல் ஓடிக்கொண்டிருக்கும்போது. "பாப்பா படிக்குது, சத்தத்தைக் குறைங்க" என்று யாரோ சொல்ல, எதிர்வீட்டு மாமி அதைவிடச் சத்தமாக "என்ன படிக்குது?" என்று கேட்க.

நம்பிக்கை: தாண்டுவது என்று முடிவானால் எந்தப் படியைத் தாண்டினாலும் ஒன்றுதான்.

உண்மை: ஒன்றல்ல. கோடையில் அடக்கப் பார்ப்பதென்றால் ஜியாமெட்ரிதான் ஓரளவு தனியாகக் கழன்றுவரக்கூடிய படி. அதுவும் நிரூபணங்களைத் தாளில் எழுதவைத்து, ஒரு மனிதர் திருத்தித் தருகிற இடமாகப் பார்த்து. அல்ஜீப்ரா 2-ஐயும் ப்ரீகால்குலஸையும் கோடையில் அவித்து இறக்குவதற்கு நான் எதிரி.

காரணம் கால்குலஸிலேயே இருக்கிறது. வரையறையிலிருந்து, 'ஒன்றின் கீழ் எக்ஸ்' என்ற சின்னச் சார்புக்கு வகைக்கெழு காணச் சொல்லுங்கள். முதலில் இரண்டு பின்னங்களைக் கழிக்கவேண்டும். அதற்குப் பொதுப் பகுதி எடுக்கவேண்டும். மேலே மைனஸ் குறி தவறாமல் அடைப்பை நீக்கவேண்டும். பிறகு மேலும் கீழும் உள்ள 'எச்'சை அடிக்கவேண்டும். இத்தனைக்கும் பிறகு, கடைசி வரியில், 'எச்' பூச்சியத்தை நெருங்குகிறது. அந்த ஒரு வரிதான் கால்குலஸ். மேலே உள்ளதெல்லாம் அல்ஜீப்ரா. பிள்ளை விழுவது மேலே, பெற்றோர் டியூஷன் தேடுவது கடைசி வரிக்கு. இந்தக் கைப்பழக்கம் நாள்பட ஊறுவது. ஊறுகாயை மைக்ரோவேவில் வைத்து எடுக்கமுடியாது.

நம்பிக்கை: கால்குலஸை எவ்வளவு சீக்கிரம் முடிக்கிறோமோ அவ்வளவு பெரிய கல்லூரி.

உண்மை: ஹார்வர்டின் பிலிப் சாட்லரும் கெர்ஹார்ட் சோனர்ட்டும் 133 கல்லூரிகளில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை ஆராய்ந்து 2018இல் வெளியிட்டார்கள். கல்லூரிக் கால்குலஸில் ஒருவர் எப்படிச் செய்கிறார் என்பதில், பள்ளியில் கால்குலஸ் படித்திருந்ததன் பங்கைவிட, அதற்கு முந்தைய அல்ஜீப்ரா, ஜியாமெட்ரி, ப்ரீகால்குலஸில் இருந்த தேர்ச்சியின் பங்கு இரண்டு மடங்குக்கும் மேல். அதே ஆய்வு இன்னொன்றும் சொல்கிறது, அதை மறைக்க மனமில்லை: பள்ளிக் கால்குலஸ் வகுப்பால் கூடுதல் பயன் பெற்றவர்கள் அடித்தளம் பலவீனமாக இருந்தவர்களே. ஆக, கால்குலஸ் வேண்டாம் என்பதல்ல பேச்சு. எந்த வகுப்பில் என்ற பதற்றம்தான் பேச்சு.

இருக்கிற பள்ளியில் கிடைப்பதில் பிள்ளை எதை எடுத்தது என்பதைத்தான் கல்லூரிகள் பார்க்கின்றன. கால்டெக்கே 2023இல், பள்ளியில் கால்குலஸ் கிடைக்காதவர்கள் கான் அகாடமியில் படித்துத் தேர்ச்சியைக் காட்டும் வழியைத் திறந்தது.

பதினொன்றாவதில் ஏ.பி. கால்குலஸ் பி.சி. என்ற கல்லூரி நிலை வகுப்பை முடித்துவிட்டால் பன்னிரண்டாவதில் என்ன என்பதையும் யோசித்திருக்கவேண்டும். பள்ளியில் அதற்குமேல் படி இல்லாவிட்டால் கம்யூனிட்டி காலேஜுக்கு ஓடவேண்டும், அல்லது ஒரு வருடம் கணக்கே இல்லாமல் இருந்துவிட்டுக் கல்லூரியில் துருப்பிடித்த கையோடு உட்காரவேண்டும்.

நம்பிக்கை: கோடையில் வாங்கும் 'ஏ' ஜி.பி.ஏ.வைத் தூக்கிவிடும்.

உண்மை: யு.சி. கணக்கிடும் ஜி.பி.ஏ. ஒன்பதாம் வகுப்பு முடிந்த கோடையில் தொடங்கி, பதினொன்றாவது முடிந்த கோடையோடு நிற்கிறது. எட்டாவது முடிந்த கோடையின் 'ஏ' அதில் சேராது. அடுத்த கோடையில் வாங்கும் 'சி' சேரும்.

நம்பிக்கை: கம்யூனிட்டி காலேஜில் இதையெல்லாம் இலவசமாகவே முடித்துவிடலாம்.

உண்மை: கால்குலஸும் அதற்கு மேலும் என்றால் நல்ல வழி. அல்ஜீப்ரா 2, ஜியாமெட்ரிக்கு அந்தக் கதவு பெரும்பாலும் சாத்தப்பட்டுவிட்டது. கலிஃபோர்னியாவின் 'ஏபி 705' சட்டத்துக்குப் பிறகு இந்தக் கல்லூரிகள் கல்லூரித் தரத்துக்குக் கீழான கணக்கு வகுப்புகளைக் குறைத்துக்கொண்டே வந்தன. அங்கே வாங்கும் மதிப்பெண் கல்லூரி டிரான்ஸ்கிரிப்டில் ஏறுகிறது என்பதும் நினைவிருக்கட்டும். பதினைந்து வயதில் வாங்கிய 'டி' கூடவே வரும்.

இதையெல்லாம் படித்துவிட்டு, கோடைப் பாடமே கூடாது என்கிறேன் என்று நினைக்கவேண்டாம். சான் ஃபிரான்சிஸ்கோவில் 2014இல் எட்டாம் வகுப்பிலிருந்து அல்ஜீப்ரா 1-ஐ எடுத்துவிட்டார்கள். 2024 மார்ச்சில் வாக்காளர்கள் அதைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி வாக்களித்தார்கள். நடுவில் பத்து வருடம், வசதி உள்ளவர்கள் வெளியே பணம் கட்டிப் படிக்கவைத்தார்கள். பள்ளி வாசலை மூடினால் பெற்றோர் ஜன்னலைத் தேடத்தான் செய்வார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன்.

மூத்தவள் இப்போது பதினொன்றாவது, ப்ரீகால்குலஸ். இளையவன் எட்டாவது. அவனாகவே வந்து, நண்பர்களோடு சேர்ந்து கோடையில் ஜியாமெட்ரி எடுக்கட்டுமா என்று கேட்கிறான். இந்த முறை பிப்ரவரியிலேயே கவுன்சிலருக்கு மெயில் போட்டாயிற்று: கிரெடிட் உண்டா, பிளேஸ்மென்ட் உண்டா, தேர்வு இருந்தால் மாதிரித் தாள் கிடைக்குமா என்று மூன்றே கேள்வி. பதில் இன்னும் வரவில்லை. ஊருக்கு டிக்கெட்டும் இன்னும் போடவில்லை.