தகடு இல்லாத படகு இன்ஜின்

கேள்வி: என் தாத்தா துறைமுக லாஞ்சில் டிரைவராக இருந்தவர். அவர் ஏலத்தில் எடுத்ததாகச் சொல்லப்படும் படகு இன்ஜின் ஒன்று எங்கள் கொல்லைக் கொட்டகையில் பல வருடங்களாகக் கிடக்கிறது. இரண்டு சிலிண்டர், முன்னால் பெரிய ஃபிளைவீல். பெயர்த்தகடு இருந்த இடத்தில் நான்கு திருகு ஓட்டைகள்தான் மிச்சம். ஒரு பித்தளைப் பாகத்தில் ‘செனித்’ என்றும் இன்னொன்றில் ‘சிம்ஸ்’ என்றும் இருக்கிறது. சிலிண்டர் ஓரத்தில் 1887 என்று எழுத்து எழும்பி நிற்கிறது. காயலான் கடைக்காரர் எடைக்குக் கேட்கிறார். வெளிநாட்டுக்கு அனுப்பித் தருகிறேன் என்று இன்னொருவர் வந்து போகிறார். தகடு இல்லாததால் திருட்டுச் சாமான் என்று கேஸ் ஆகிவிடும், நூறு வருடத்துப் பொருளை வீட்டில் வைத்திருப்பதே குற்றம் என்று சொந்தக்காரர் ஒருவர் பயமுறுத்துகிறார். இதை யார் செய்தது, நாங்கள் என்ன செய்ய வேண்டும்?
— ஆர்.எம்., நாகப்பட்டினம்

பதில்: முதலில் பயத்தை விடுங்கள். பழைய படகு இன்ஜினில் தகடு இல்லாமல் இருப்பது வெகு சாதாரணம். பித்தளைத் தகட்டை யாராவது கழற்றிக் காசாக்கியிருப்பார்கள். அல்லது பெயின்ட் அடிக்கக் கழற்றியவர் திரும்ப மாட்டியிருக்க மாட்டார். அதை வைத்து யாரும் உங்களைத் திருடன் என்று சொல்லிவிட முடியாது. தாத்தாவின் பெட்டியில் ஏலச் சீட்டோ பழைய ரசீதோ இருக்கிறதா என்று தேடுங்கள். கிடைக்காவிட்டால், இன்ஜின் வீட்டுக்கு வந்த கதையை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, தேதி போட்டு எழுதி, அவர்களிடமே கையெழுத்து வாங்கி வையுங்கள். இப்போதைக்கு அது போதும்.

நூறு வருட விஷயத்துக்குப் பிறகு வருகிறேன். ஏனென்றால் அதற்குப் பதில் இன்ஜினின் வயதைப் பொறுத்தது. உங்கள் வீட்டில் எல்லோரும் நம்பும் அந்த 1887 அதன் வயது அல்ல.

பழைய இயந்திரங்களில் இரண்டு வகை எண்கள் இருக்கும். ஒன்று, இரும்போடு சேர்ந்து எழும்பி நிற்கும் வார்ப்பெண் (அச்சிலேயே செதுக்கி, உருக்கி ஊற்றும்போது பதிந்து வருவது). அது அந்தப் பாகத்தின் எண். அதே அச்சில் வார்த்த அத்தனை பாகங்களிலும் அதே எண்தான் இருக்கும். மற்றொன்று, உளி முத்திரையால் தட்டிப் பதித்த பொறிப்பெண் (உள்ளே குழிந்திருப்பது, பெரும்பாலும் இலக்கங்கள் சற்றுக் கோணலாக, ஏறி இறங்கி இருக்கும்). அதுதான் அந்த ஒரு இன்ஜினுக்கு மட்டும் உரியது. உங்கள் 1887 எழும்பி நிற்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆகவே அது பாக எண்.

இதற்கு வேறு சாட்சியும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. 1887-இல் படகில் இன்ஜினே கிடையாது என்று சொல்ல மாட்டேன். ஜெர்மனியில் டைம்லர் 1886-இலேயே நெக்கார் ஆற்றில் பெட்ரோல் இன்ஜின் படகு ஓட்டிக் காட்டிவிட்டார். ஆனால் உங்களுடையதில் ‘சிம்ஸ்’ என்று எழுதிய பாகம் மேக்னெட்டோ (மின்கலம் இல்லாமல், இன்ஜினோடு சேர்ந்து சுழன்று தீப்பொறிக்கு மின்சாரம் தரும் கருவி); ‘செனித்’ என்று எழுதியது கார்புரேட்டர். ஸ்பார்க் பிளக்கோடு வேலை செய்யும் உயர் அழுத்த மேக்னெட்டோவை பாஷ் கம்பெனிக்காக கோட்லோப் ஹோனோல்ட் உருவாக்கியது 1902-இல். செனித் கார்புரேட்டர் அதற்கும் பிந்தியது. பின்னால் யாராவது இரண்டையும் ஒட்டவைத்திருந்தாலொழிய, உங்கள் இன்ஜின் இருபதாம் நூற்றாண்டுச் சரக்கு.

இப்போது பெயர்கள். அநேகம் பேர் தடுக்கி விழும் இடம் இது. செனித், சிம்ஸ் இரண்டும் இன்ஜின் செய்தவர்களின் பெயர் அல்ல. செனித் என்பது கார்புரேட்டர் செய்தவர். சிம்ஸ் மேக்னெட்டோ செய்தவர். டீசல் இன்ஜினாக இருந்தால் இதே போல ‘சி.ஏ.வி.’, ‘பாஷ்’ என்று இருக்கும்; அது எண்ணெய் தெளிக்கும் பம்பு செய்தவரின் பெயர். பழைய இன்ஜினில் கண்ணுக்குத் தெரியும் பெயர்களில் பாதிக்கு மேல் இப்படி வெளியிலிருந்து வாங்கிப் பொருத்திய பாகங்களின் பெயர்களே. செனித் இன்ஜின் என்று சொல்லி யாராவது விலை பேசினால், அவருக்கு உங்களை விடக் குறைவாகத்தான் தெரியும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் எதைப் பார்ப்பது?

கொட்டகைக்குப் போய், முதலில் அது கடலுக்கென்றே பிறந்ததா என்று பாருங்கள். லாரி இன்ஜினை மாற்றிப் படகில் ஏற்றுவது நம் கரையில் இன்றும் நடக்கும் வழக்கம். படகுக்கென்றே செய்த இன்ஜினுக்கு இரண்டு பக்கமும் அகலமான கால்கள், கிராங்க் தண்டின் மட்டத்திலேயே நீண்டிருக்கும். படகின் நெடுக்கு மரங்களில் அப்படியே உட்கார வேண்டும் அல்லவா? அடிப்பெட்டியின் பக்கவாட்டில் கை நுழையும் அளவுக்குக் கதவுகள் இருக்கும். இன்ஜினைப் படகிலிருந்து தூக்காமலே பேரிங்கைத் தொட்டுப் பார்க்க அந்த வாசல். ரேடியேட்டர் இருக்காது, கடல் தண்ணீரை இழுத்துச் சுற்றவிடும் பித்தளை பம்பு ஒன்று பக்கத்தில் ஒட்டியிருக்கும். புகைக்குழாய்த் தலைக்கும் தண்ணீர்ச் சட்டை போட்டிருப்பார்கள். லாரி இன்ஜினாக இருந்தால் ஃபேன் மாட்டும் இடம் மூடி அடைக்கப்பட்டிருக்கும். அது எளிதில் மறையாது.

அடுத்தது மரை (திருகின் வரிப்பள்ளம்). தகட்டைக் கழற்றியவன் மரையைக் கழற்றிக்கொண்டு போக முடியாது. அரை அங்குலத் தடிமனுள்ள போல்ட் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஸ்கேலை வைத்து ஓர் அங்குலத்துக்குள் எத்தனை வரி என்று எண்ணுங்கள். 12 வந்தால் விட்வொர்த் மரை, அதாவது பிரிட்டிஷ் வேலை. 13 வந்தால் அமெரிக்கா. 16 வந்தால் பிரிட்டிஷ் நுண்மரை. 12 மில்லிமீட்டர் போல்ட்டில் வரிக்கு வரி 1.75 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் ஐரோப்பாவின் மெட்ரிக் நாடுகளில் தேட வேண்டும். பன்னிரண்டுக்கும் பதின்மூன்றுக்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. நல்ல லேத் பட்டறையில் மரை கேஜ் இருக்கும், வாங்கி வைத்துப் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: போல்ட் நாகப்பட்டினம் கடைத்தெருவில் வாங்கியதாக இருக்கலாம். அதனால் போல்ட்டை மட்டும் நம்பாமல், அது இறங்கும் வார்ப்பின் ஓட்டைக்குள் உள்ள மரையையும் பாருங்கள். நாலைந்து இடங்களில் ஒரே விடை வந்தால் நாடு தெரிந்துவிட்டது.

மூன்றாவது, எரிபொருள். இதோடு ஒரு தொட்டி இருந்ததா, அதற்குள் சிறியதும் பெரியதுமாக இரண்டு அறைகள் இருந்தனவா என்று விசாரியுங்கள். சூடான புகைக்குழாயை ஒட்டி ஒரு ஆவியாக்கி (மண்ணெண்ணெயைச் சூடாக்கி ஆவியாக மாற்றும் அறை) இருக்கிறதா? இருந்தால் அது பெட்ரோலில் கிளப்பி, சூடேறியதும் குழாயைத் திருப்பி மண்ணெண்ணெயில் ஓட்டும் ரகம். பெட்ரோல் விலையும் தீப்பிடிக்கும் பயமும் சேர்ந்து உருவாக்கிய ஏற்பாடு அது. தலையில் வெங்காயம் போல ஒரு இரும்புக் குமிழ் இருந்து, அதை ஊதுவிளக்கால் பழுக்கக் காய்ச்சிக் கிளப்புவதாக இருந்தால் அது வேறு குடும்பம். ஸ்வீடனின் போலிண்டர் போன்றவை. உங்களுடையதில் மேக்னெட்டோ இருப்பதால் அந்தக் குடும்பத்தை விட்டுவிடலாம்.

நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துச் சொல்கிறேன்: பிரிட்டனில் செய்த பெட்ரோல்-மண்ணெண்ணெய் இன்ஜினாக, 1920-களிலோ 30-களிலோ வந்ததாக இருக்க வேண்டும். மரை 12 என்று வந்தால் என் ஊகம் உறுதியாகும். அந்தக் காலத்தில் அங்கே இந்த வேலையில் பேர் எடுத்தவர்களில் முதலில் தேட வேண்டியது கிளாஸ்கோவின் கெல்வின். கெல்வினைச் செய்த வால்டர் பெர்கியஸ் என்பவர் 1904-இல் கார் செய்யத் தொடங்கினார். கார் ஓடியதை விட, 1906-இல் அதன் இன்ஜினைத் துடுப்புப் படகில் வைத்துப் பார்த்ததுதான் அவருக்குச் சோறு போட்டது. ஸ்காட்லாந்து மீனவர்களிடம் கெல்வின் வெகு காலம் செல்வாக்காக இருந்தது. அதனால் பக்கக் கதவுகளிலும் ஃபிளைவீல் பக்கத்திலும் பெயின்ட்டுக்கு அடியில் ‘கெல்வின்’, ‘பெர்கியஸ்’, ‘கிளாஸ்கோ’ என்ற மூன்று சொற்களில் ஒன்றாவது தட்டுப்படுகிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் தோர்னிகிராஃப்ட், ஏல்சா கிரெய்க், சவுத்தாம்ப்டனின் பார்சன்ஸ் என்று அடுத்த வரிசை இருக்கிறது. அமெரிக்க மரையாக இருந்தால் கஷ்டம் கூடும். டெட்ராய்ட் வட்டாரத்தில் மட்டும் ஒன்றைப் போலவே இன்னொன்றாக எத்தனையோ கம்பெனிகள் படகு இன்ஜின் வார்த்தன.

எங்காவது ‘பேடன்ட்’ என்று ஒரு எண் தெரிந்தால் விட்டுவிடாதீர்கள். பிரிட்டனில் 1916-இல் காப்புரிமை எண்கள் 100,001-இலிருந்து புதிதாகத் தொடங்கின. அதற்கு முன்பு ஒவ்வொரு வருடமும் ஒன்றிலிருந்து எண்ணி, வருடத்தையும் சேர்த்து எழுதினார்கள். ஆகவே ஆறு இலக்க பிரிட்டிஷ் எண் என்றால் 1916-க்கு முந்தியதாக இருக்க முடியாது. அமெரிக்காவில் பத்து லட்சமாவது காப்புரிமை 1911-இல் கொடுக்கப்பட்டது; ஆகவே ஏழு இலக்க அமெரிக்க எண் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது.

தேடும் ஆவலில் சில தப்புகளைச் செய்துவிடாதீர்கள். கிரைண்டரும் மணல் பீய்ச்சும் எந்திரமும் அருகில் வரக்கூடாது. பொறிப்பெண் மயிரிழை ஆழம்தான், ஒரு நிமிடத்தில் போய்விடும். மண்ணெண்ணெய் தோய்த்த துணியும் பித்தளை பிரஷும் போதும். பழைய பூச்சில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. அந்தத் தூளைக் குழந்தைகள் இருக்கும் இடத்தில் பறக்கவிடாதீர்கள். புகைக்குழாயில் வெள்ளைக் கயிறு சுற்றியிருந்தால் அது கல்நாராக (நுரையீரலைக் கெடுக்கும் தாதுநார்) இருக்கலாம், பிய்க்க வேண்டாம். கடைசியாக, கைப்பிடியைப் போட்டு நான்கு பேர் சேர்ந்து சுற்றிப் பார்க்காதீர்கள். துருப்பிடித்து இறுகிய பிஸ்டனை இப்படி அசைக்கப் போய் உடைந்த இன்ஜின்கள் ஏராளம். பிளக் ஓட்டை வழியாக டீசலை ஊற்றி வாரக்கணக்கில் ஊறவிடலாம்.

இப்போது சட்டம். தொல்பொருள், கலைப் பொக்கிஷங்கள் சட்டம் 1972-இல் வந்தது. நூறு வருடத்துக்குக் குறையாத வயதுள்ள, பழங்கால அறிவியலையோ கைவினையையோ காட்டும் பொருளும் அதில் தொல்பொருள் ஆகலாம். ஆனால் அப்படிப்பட்ட பொருளை வீட்டில் வைத்திருப்பது குற்றம் என்று அதில் இல்லை. கட்டாயமாகப் பதிய வேண்டும் என்று அறிவிக்கப்பட்டவை சிற்பம், ஓவியம், ஏட்டுச்சுவடி போன்றவை. தனியார் யாரும் தொல்பொருளை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது என்பதுதான் உங்களுக்குப் பொருந்தும் இடம். 1920-களின் இன்ஜின் அந்த நூறு வருடக் கோட்டின் மேலேயே நிற்கிறது. ஆகவே, அனுப்பித் தருகிறேன் என்று வருபவரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: இது தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையின் சான்று வாங்கித் தருவாரா? மழுப்பினால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

காயலான் கடைக்காரருக்கு அவசரம் இருக்கலாம், உங்களுக்கு இல்லை. வார்ப்பிரும்பு எங்கும் ஓடிப்போகாது. மரை எண்ணிக்கை, கால்களும் பக்கக் கதவுகளும் தெரியும் படங்கள், பொறிப்பெண் கிடைத்தால் அதன் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தெடுத்த படி, இவ்வளவையும் எனக்கு அனுப்புங்கள். இங்கிலாந்தில் பாய்ன்டன் ஊரில் ஆன்சன் இன்ஜின் அருங்காட்சியகம் இருக்கிறது; அங்கே கேட்டு எழுதுவதற்கும் இதே தகவல்கள்தான் வேண்டும். அதுவரை அந்தச் செனித்தையும் சிம்ஸையும் தனியாகக் கழற்றி விற்றுவிடாதீர்கள்.