மருந்துக்கு முன் கண்ணும் கையும்

விளாத்திகுளம், புதூர் கரிசல் காட்டில் வேம்பூர் ஆடும் கீழக்கரிசல் ஆடும் வளர்க்கும் சிறு விவசாயிக்கு ஓர் ஆடு இறந்தாலும் பெரிய நட்டம்தான். அந்த நட்டத்தைக் குறைக்கும் வழி, கால்நடை மருத்துவமனைக்குப் பயிற்சிக்கு வரும் மாணவர்களின் அன்றாட வேலையிலேயே இருக்கிறது. நமக்கு அருகில் திருநெல்வேலி இராமையன்பட்டியில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்கி வருகிறது. அங்கும் சரி, வேறு எங்கும் சரி, பயிற்சியின் அடிப்படை ஊசி போடுவதல்ல. பார்ப்பது, எண்ணுவது, எழுதி வைப்பது ஆகிய மூன்றுமே.

வெப்பநிலை: காலையில் மேய்ச்சலுக்கு விடுமுன் பார்க்க வேண்டும். தெர்மாமீட்டர் முனையில் சிறிது எண்ணெய் தடவி, ஆசனவாயில் செலுத்தி, குடல் சுவரைத் தொடும்படி சற்றுச் சாய்த்துப் பிடிக்கவும். ஆட்டின் இயல்பு வெப்பம் சுமார் 102 முதல் 103.5 டிகிரி பாரன்ஹீட். வெயிலில் மேய்ந்து வந்த ஆட்டுக்கு இது கூடுதலாகக் காட்டும்; நிழலில் நிறுத்தி இளைப்பாறிய பின்னரே பார்க்கவும்.

நாடி: பின்தொடையின் உட்புறத்தில் விரல் வைத்தால் தெரியும். நிமிடத்திற்கு 70 முதல் 80 வரை இயல்பு.

அசைவு: இடது பக்கப் பசிக்குழியில் உள்ளங்கையை அழுத்தி வைத்தால், நிமிடத்திற்கு ஓரிரு முறை இரைப்பை அசைவது தெரியும். அசைவு நின்றால் உடனே கவனிக்க வேண்டும்.

மருந்து ஊற்றுதல்: ஆட்டின் தலையை அண்ணாந்து தூக்கக் கூடாது, நாக்கையும் வெளியே இழுக்கக் கூடாது. மருந்து நுரையீரலுக்குள் போனால் ஆடு இறக்கவும் கூடும். மூக்கும் கண்ணும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும். வாயின் ஓரத்தில் சிறிது சிறிதாக ஊற்றவும். இருமினால் உடனே தலையை விட்டுவிடவும்.

தடுப்பூசி: மருந்து இருக்கும் குளிர்பெட்டியின் வெப்பத்தைக் குறித்து வைப்பதும் பயிற்சி வேலையே. 2 முதல் 8 டிகிரி சென்டிகிரேடுக்குள் இல்லாத தடுப்பு மருந்து பலன் தராது. ஆகவே முகாமில் ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்துத்தான் போடுகிறார்களா என்று நீங்களும் கவனிக்கலாம். ஆட்டுக்கொல்லி நோயை 2030-க்குள் ஒழிக்க உலக நாடுகள் இலக்கு வைத்துள்ளன. மூன்று மாதத்திற்கு மேற்பட்ட குட்டிகளுக்கு அந்தத் தடுப்பூசியைத் தவறாமல் போடுங்கள்.

எச்சரிக்கை: கருச்சிதைவுற்ற ஆட்டின் குட்டியையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொடக்கூடாது, கன்றுவீச்சு நோய் மனிதருக்கும் தொற்றும். கையுறை போட்டு, சுண்ணாம்பிட்டு ஆழப் புதைக்கவும். எச்சில் ஒழுகி, குரல் மாறிக் கத்தும் ஆட்டின் வாய்க்குள் கைவிட வேண்டாம், வெறிநோயாகவும் இருக்கலாம்.

வீட்டில் ஒரு நோட்டுப் போடுங்கள். நலமாக இருக்கும் ஆட்டின் வெப்பநிலை, நாடி இரண்டையும் இன்றே எழுதி வையுங்கள். நோய் வரும்போது ஒப்பிட அது உதவும். தீனி எப்போது நின்றது, கழிச்சல் எப்போது தொடங்கியது, என்ன மருந்து கொடுத்தீர்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பள்ளிக்குப் போகும் பிள்ளைகளே இதைச் செய்யலாம். நோயுற்ற ஆட்டை முதலில் மந்தையிலிருந்து பிரியுங்கள். பிறகு 1962 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள், அல்லது நோட்டுடன் மருந்தகத்துக்கு வாருங்கள்.