ஹைப்ரிட் காருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால்…

திண்டிவனம் – விழுப்புரம் நான்குவழிச் சாலையில் வலது ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, மைலேஜ் காட்டும் திரையைப் பார்த்தபடி அறுபதில் நகரும் ஹைப்ரிட் கார்கள் பெருகிவிட்டன. எரிச்சல் நியாயமானதே. ஆனாலும்:

1. தாராளமாக இடைவெளி விடுங்கள். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே மோட்டார் பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றத் தொடங்கும். பிரேக் விளக்கு எரியாமலே முன்கார் வேகம் குறையலாம்.

2. இடப்பக்கம் புகுந்து முந்தாதீர்கள். கூட்டேரிப்பட்டு போன்ற இடங்களில் பஸ் திடீரென ஓரம் கட்டும், எதிர்த்திசையில் பைக் வரும். இந்தச் சாலையில் நான் மிகவும் அஞ்சுவது இதைத்தான்.

3. இண்டிகேட்டர் போட்டு, ஒருமுறை ஹெட்லைட்டைச் சிமிட்டிக் காத்திருங்கள். ஹாரனை விடாமல் அடித்தால் முன்னால் ஓட்டுபவர் பதறி பிரேக்கை மிதிப்பார்.

4. விக்கிரவாண்டி டோல்கேட் நெருங்கும்போது முந்த முயலாதீர்கள். எப்படியும் எல்லோரும் வரிசையில் நிற்கப்போகிறோம்.

5. விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் நடப்பவர்கள் காதை நம்பாமல் திரும்பிப் பாருங்கள். மெதுவாகப் போகும்போது இந்தக் கார்கள் பெரும்பாலும் பேட்டரியில் ஓடும், இன்ஜின் சத்தம் வராது.

ஹைப்ரிட் வைத்திருப்பவர்களுக்கு: மெதுவாகப் போக விரும்பினால் இடது தடத்துக்கு மாறுங்கள். அங்கேயும் அதே மைலேஜ்தான் கிடைக்கும். முந்தியதும் கண்ணாடியைப் பார்த்து இடப்பக்கம் திரும்பிவிடுங்கள். பின்னால் ஆம்புலன்ஸ் வரலாம்.