பலம் தேடும் ஆட்டக்காரர்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் போன்ற பாத்திர விளையாட்டுகளில் நான்கைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, சேர்ந்து ஒரு கதையை நடத்துகிறார்கள். களத்தையும் எதிரிகளையும் டன்ஜன் மாஸ்டர் பார்த்துக்கொள்கிறார். எது பலிக்கும், எது பலிக்காது என்பதைப் பகடை சொல்கிறது. இவர்களில் ஒருவர் விதிப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்து, யாராலும் அசைக்க முடியாத பாத்திரத்தோடு வந்து உட்கார்ந்தால்? நல்ல குழுக்கள் பல இந்த இடத்தில்தான் மனம் கசந்து கலைகின்றன. கலையத் தேவையே இல்லை. அவரைப் பற்றிப் பரவியிருக்கும் சில நம்பிக்கைகளைச் சரிபார்த்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

நம்பிக்கை: பலத்தையே தேடுபவருக்கு விளையாட்டின் அருமை தெரியாது.

உண்மை: 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் கொண்டுவந்த இந்த விளையாட்டு, போர்க்கள விளையாட்டுகளிலிருந்து பிறந்தது. அனுபவப் புள்ளி சேர்ப்பது, அடுத்த நிலைக்கு ஏறுவது, மாய வாளைக் கைப்பற்றுவது எல்லாம் முதல் பதிப்பிலேயே உண்டு. பலத்தைத் தேடச் சொல்வதே விளையாட்டுதான். 1980இல் ‘டிஃபரன்ட் வேர்ல்ட்ஸ்’ இதழில் கிளென் பிளாக்கோ ஆட்டத்தின் நான்கு போக்குகளைப் பிரித்துக் காட்டினார். பலம் தேடுவது அதில் ஒன்று. ராபின் லாஸ் 2002இல் எழுதிய மாஸ்டர்களுக்கான கையேடும் பலம் தேடுபவரை, அதாவது பவர் கேமரை, ஆட்டக்காரர் வகைகளில் ஒன்றாகவே வைக்கிறது. கதை கேட்க வருபவரைப் போல, நடித்துப் பார்க்க வருபவரைப் போல, இவரும் தனக்குப் பிடித்த ஒன்றுக்காக வருகிறார்.

நம்பிக்கை: கணக்குப் பார்ப்பவருக்கு நடிப்பு வராது.

உண்மை: இரண்டும் தனித்தனித் திறமைகள். ஒன்று இருப்பதால் மற்றது குறையாது. பலவீனமான பாத்திரத்தை வைத்துக்கொண்டு வாயே திறக்காதவரும் உண்டு. அசைக்க முடியாத வீரனை உயிரோடு நடமாட விடுபவரும் உண்டு. பலம் தேடுபவரிடம் மாஸ்டர் அவருடைய பலத்தைப் பற்றியே கேட்க வேண்டும். “இந்தப் பெருவாளை உனக்குச் சுழற்றக் கற்றுக்கொடுத்தது யார்? அவர் இப்போது எங்கே?” வாளை நன்றாக யோசித்துத் தேர்ந்தெடுத்தவர் பதிலையும் யோசிப்பார். அந்தப் பதிலில் வரும் குருநாதர் இரண்டு வாரம் கழித்து எதிரிப் படையில் நின்றால், நடிப்பு தானாக வரும்.

குழுவைக் கெடுக்கும் பழக்கம் வேறொன்று. மந்திரவாதியாக ஆடுபவர் தன் முறை வந்ததும் ஒரு நிமிடம் யோசிக்கிறார். அதற்குள் பக்கத்திலிருக்கும் பலசாலி, “தீப்பந்தை அந்த மூலையில் போடு, நாலு பேர் சிக்குவார்கள்” என்று முடிவை எடுத்துக் கொடுத்துவிடுகிறார். தட்டிக்கேட்க வேண்டியது இந்தப் பழக்கத்தை. பாத்திரத் தாளில் இருக்கும் எண்களைக் குறைத்தாலும் இது போகாது.

நம்பிக்கை: எதிரிகளைப் பலப்படுத்தினால் எல்லாம் சமமாகிவிடும்.

உண்மை: கணக்குப் போட்டுப் பாருங்கள். இருபது முகப் பகடையில் விழுந்த எண்ணோடு பாத்திரத்தின் கூட்டெண்ணைச் சேர்த்து, எதிரியின் ஆர்மர் கிளாஸை எட்டினால் அடி விழும். பலசாலியின் கூட்டெண் 9, மற்றவர்களுடையது 5 என்று வைத்துக்கொள்வோம். ஆர்மர் கிளாஸ் 15 என்றால் அவருக்கு 75 சதவீத வாய்ப்பு, மற்றவர்களுக்கு 55 சதவீதம். அவரை அடக்க நினைத்து அதை 19 ஆக்கினால் அவருக்கு 55 சதவீதம் மிஞ்சும். மற்றவர்கள் 35க்கு இறங்கிவிடுவார்கள். மூன்று முறை அடித்தால் ஒரு முறைதான் படும். குறிவைத்தது ஒருவருக்கு, காயம் பட்டது மற்ற எல்லோருக்கும்.

எதிரியைவிட வேலையை மாற்றுவது பயன் தரும். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று காரியங்கள் நடக்கட்டும். வாசலில் ராட்சதன் நிற்கிறான். உள்ளே சடங்கு முடியப்போகிறது. கிணற்றடியில் கட்டிப்போட்ட சிறுமியை விடுவிக்க வேண்டும். ராட்சதனைப் பலசாலி பார்த்துக்கொள்வார். பூட்டைத் திறக்கத் திருடன் வேண்டும், சடங்கை நிறுத்த மந்திரம் தெரிந்தவர் வேண்டும். பலசாலியின் பலம் வீணாகாது. அது மட்டும் போதவும் போதாது.

நம்பிக்கை: ஆட்டத்துக்குள்ளேயே பாடம் புகட்ட வேண்டும்.

உண்மை: கைகாக்ஸே இதைச் செய்து பார்த்தவர். தங்கள் பாத்திரங்களை வெல்ல ஆளில்லை என்று நினைத்த தேர்ந்த ஆட்டக்காரர்களுக்காக, பொறிகள் நிறைந்த ‘டூம் ஆஃப் ஹாரர்ஸ்’ கல்லறையை உருவாக்கினார். 1975இல் ஆரிஜின்ஸ் மாநாட்டில் ஆடப்பட்டு, 1978இல் நூலாக வந்தது. அவருடைய குழுவின் ராப் குன்ட்ஸ், ராபிலார் என்ற தன் பாத்திரத்தோடு அதற்குள் போனார். ஓர்க் என்னும் அரக்க இன அடியாட்களை முன்னே அனுப்பி, கடைசி அறைவரை சென்று, புதையலை அள்ளிக்கொண்டு தப்பினார். தேர்ந்த ஆட்டக்காரருக்கு ஆபத்து ஒரு விருந்து. தண்டனை என்று நீங்கள் வைப்பதை அவர் சவாலாக எடுத்துக்கொள்வார். பக்கத்தில் நிற்கும் பாவப்பட்ட பாத்திரம்தான் பொறியில் விழும்.

சொல்ல வேண்டியதை ஆட்டம் முடிந்ததும், தனியாக, நேராகச் சொல்லுங்கள். “உன் பாத்திரம் பலமாக இருப்பதில் எனக்கு வருத்தமில்லை. மற்றவர்கள் முறையில் நீ முடிவெடுப்பதுதான் சிக்கல். அவர்கள் கேட்டால் சொல், கேட்காவிட்டால் பொறு.” அவரால் செய்யக்கூடியதாக ஒன்றைக் கேளுங்கள். விதிகளை இவ்வளவு படித்தவருக்கு, புதிதாக வருபவருடைய பாத்திரத்தைக் கட்டிக்கொடுக்கும் பொறுப்பைத் தரலாம்.

நம்பிக்கை: புத்தகத்தில் இருந்தால் அனுமதித்தே ஆக வேண்டும்.

உண்மை: புத்தகம் எழுதியவர்களே விதியை மாற்றுகிறார்கள். 2014ஆம் ஆண்டுப் பதிப்பில் ‘கிரேட் வெப்பன் மாஸ்டர்’ என்ற திறன் இருந்தது. அடிக்கும் கூட்டெண்ணில் 5 குறைத்துக்கொண்டால், அடி பட்டதும் சேதத்தில் 10 கூடும். பெருவாளின் பகடைகள் தரும் சராசரிச் சேதமே 7தான். பலர் இதையே நாடினார்கள். 2024ஆம் ஆண்டுப் புத்தகத்தில் இந்த 5-10 பேரம் எடுக்கப்பட்டது. உங்கள் குழுவும் மாற்றலாம். ஆனால் ஆட்டத்தின் நடுவே மாற்றக்கூடாது. ஒருவருக்கு மட்டும் மாற்றக்கூடாது. மாற்றியபின் வேறு திறனைத் தேர்ந்தெடுக்க, பழையதை வைத்திருந்தவருக்கு வழிவிட வேண்டும். தொடங்கும் முன்பே எல்லோரும் உட்கார்ந்து பேசும் செஷன் ஜீரோ இதற்கு ஏற்ற நேரம்.

நம்பிக்கை: நண்பர் என்றால் பொறுத்துத்தான் போக வேண்டும்.

உண்மை: பேசியும் கேட்காமல், மறுபடி பேசியும் கேட்காமல், மற்றவர் முறையைத் தொடர்ந்து பறிப்பவரை விலகச் சொல்வது தவறில்லை. வாராவாரம் மூன்று மணி நேரம் ஒதுக்கி வரும் மற்ற நால்வரும் நண்பர்கள்தானே! ஆனால் பெரும்பாலானவர்கள் அந்த அளவுக்குப் போகமாட்டார்கள். விதியை விரும்பிப் படிப்பவர் விளையாட்டை விரும்புபவர். அந்த விருப்பத்தைக் குழுவுக்குப் பயன்படச் செய்வது மாஸ்டரின் கடமை; அதற்கு முதல் வேலை, அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல் பேச உட்காருவது.