நாட்டு மருந்துகளில் கன உலோகங்கள்

நாட்டு மருந்து தீங்கற்றது என்னும் நம்பிக்கை மக்களிடையே ஆழமாக வேரூன்றியுள்ளது. ஆயுர்வேத நூலோர் அவ்வாறு கருதியவர் அல்லர். பாதரசம், ஈயம், தாளகம் ஆகியவை நஞ்சு என அறிந்தே, அவற்றைச் சுத்தி செய்து, பல முறை புடமிட்டுப் பஸ்பமாக்கும் முறைகளை அவர்கள் வகுத்தனர். முறையாக முடிந்த பஸ்பம் நீரில் மிதக்க வேண்டும். விரல் ரேகைகளுக்குள் படிய வேண்டும். உலோகப் பளபளப்பு சிறிதும் எஞ்சலாகாது. சித்த மருத்துவத்தின் பற்ப, செந்தூரங்களுக்கும் இத்தகைய சோதனைகள் உண்டு. ஆயினும், இரைப்பை அமிலத்தில் ஈயம் எவ்வளவு கரையும் என்பதை இச்சோதனைகள் காட்டமாட்டா.

ரச மருந்துகளில் உலோகம் வேண்டுமென்றே சேர்க்கப்படுகிறது. வெறும் மூலிகை மருந்துகளிலோ மாசுற்ற மண், நீர், அரைக்கும் கருவி ஆகியவற்றின் வழியே அது வந்து சேரக்கூடும். அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளை ஆராய்ந்து 2004-இல் வெளியிடப்பட்ட முடிவின்படி, 14 மருந்துகளில் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றுள் ஒன்றேனும் இருந்தது. 193 மருந்துகளைப் பற்றி 2008-இல் வெளிவந்த ஆய்விலும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அவ்வாறே அமைந்தது. ரச மருந்துகளில் இவ்விகிதம் 40 சதவீதத்தைத் தாண்டியது. ஏனையவற்றிலும் 17 சதவீதம் இருந்தமையே கூடுதல் கவனத்துக்குரியது.

ஈய நஞ்சு எளிதில் இனங்காணப்படுவதில்லை. வயிற்று வலி, மலச்சிக்கல், சோர்வு, இரத்தசோகை ஆகியவை வேறு பல நோய்களுக்கும் பொதுவான அறிகுறிகள். வலிக்கு மருந்தென நோயாளி அதே பொடியைத் தொடர்ந்து உண்பதும் உண்டு. எலும்பில் தங்கும் ஈயம் கர்ப்ப காலத்தில் மீண்டும் இரத்தத்தில் கலந்து கருவைச் சென்றடைகிறது. குழந்தையின் மூளை வளர்ச்சி குன்றுகிறது. ஆகவே, காரணம் புலப்படாத வயிற்று வலியுடன் வருவோரிடம் நாட்டு மருந்து உண்பது பற்றி மருத்துவர் கடிந்துகொள்ளாமல் கேட்டறிதல் வேண்டும். கடிந்துகொண்டால் உண்மை வெளிவராது.

மூலிகை மருந்துகளில் பத்து லட்சம் பங்குக்கு ஈயம் 10, ஆர்சனிக் 3, பாதரசம் 1, காட்மியம் 0.3 பங்கு என்பது வரம்பு. 2005-இல் மத்திய அரசு பிறப்பித்த ஆணை, 2006 ஜனவரி முதல், ஏற்றுமதியாகும் மூலிகை மருந்துகளுக்கு இச்சோதனையைக் கட்டாயமாக்கியது. உள்நாட்டு நோயாளியின் உடல் இதற்குக் குறைந்த பாதுகாப்புக்குரியதன்று. பாதரசம், தாளகம் போன்ற நச்சுப் பொருள்கள் மருந்து விதிகளின் இ(1) அட்டவணையில் இடம்பெற்றுள்ளன. இவற்றைக் கொண்ட உள்மருந்துகளின் புட்டியில், மருத்துவர் மேற்பார்வையில் உட்கொள்ளுமாறு எச்சரிக்கை பொறிக்க வேண்டும் என்பது 161-ஆவது விதி. அவ்வெச்சரிக்கைக்கு விதி குறிப்பிடும் மொழிகள் ஆங்கிலமும் இந்தியும் மட்டுமே.