சுருட்டை விரியன்

கடக்வாஸ்லா ஏரியைச் சூழ்ந்த குன்றுகளில் பாறைகளும் முட்புதர்களும் மிகுதி. இத்தகைய வறண்ட கல் நிலத்தை விரும்பி வாழும் நச்சுப் பாம்பு சுருட்டை விரியன். மராத்தியில் இதனைப் ‘புர்சே’ என்பர். பகலில் கல்லடியில் ஒடுங்கிக் கிடக்கும். இரவில் இரை தேடும்.

இப்பாம்பு பெரும்பாலும் ஓரடி முதல் இரண்டடி வரையே நீளமுடையது. மண்ணிற உடல் கொண்டதால் எளிதில் கண்ணுக்குப் புலப்படாது. இதன் பக்கச் செதில்கள் இரம்பப் பற்களைப் போன்றவை. அச்சமுற்றால் உடலைச் சுருட்டிக்கொண்டு அச்செதில்களை ஒன்றோடொன்று உரசும். சூடான தோசைக்கல்லில் நீர் தெளித்தாற்போல் ஓசை எழும். அது நமக்கு விடுக்கும் எச்சரிக்கை. அதனைக் கேட்டவுடன் விலகிச் செல்லுதலே அறிவுடைமை.

மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் மூங்கில் குழிவிரியனுக்குக் கண்ணுக்கும் மூக்குத் துளைக்கும் இடையே வெப்பத்தை உணரும் குழி உண்டு. சுருட்டை விரியனுக்கு அக்குழி இல்லை.

சுருட்டை விரியனின் நஞ்சு குருதி உறையும் தன்மையைக் கெடுக்கும். ஆகவே, கடிபட்டவரை அசையாமல் இருக்கச் செய்து, விரைந்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். கடிவாயைக் கீறுதல், வாயால் உறிஞ்சுதல், கயிற்றால் இறுகக் கட்டுதல் ஆகியன தீங்கு தரும். நஞ்சுமுறி மருந்தே உயிர் காக்கும்.

அம்மருந்துக்குப் பாம்பின் நஞ்சே மூலப்பொருள். அதனைச் சேகரிப்பதில் தமிழ்நாட்டின் இருளர் மக்கள் வல்லவர். 1978இல் தொடங்கப்பட்ட அவர்களது கூட்டுறவுச் சங்கம் மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இயங்குகிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சையும் எடுத்தபின், பாம்புகளை மீண்டும் காட்டில் விடுவர். இருளர்களாகிய வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரும் 2023இல் பத்மஸ்ரீ விருது பெற்றனர். நம்மவர் சேர்க்கும் நஞ்சு, நாட்டின் பல பகுதிகளில் உயிர்காக்கும் மருந்தாகிறது.

சொற்பொருள்
குருதி – இரத்தம்
இரை – விலங்குகளின் உணவு
கடிவாய் – கடிபட்ட இடம்
நஞ்சுமுறி – நஞ்சின் ஆற்றலை அழிப்பது

பயிற்சி
1. சுருட்டை விரியன் எவ்வாறு எச்சரிக்கை செய்கிறது?
2. பாம்பு கடித்தால் செய்யத் தகாதவை யாவை?
3. பிரித்து எழுதுக: கல்லடி, பக்கச்செதில், மூலப்பொருள்.
4. இருளர் மக்களின் தொண்டு குறித்து ஐந்து வரிகள் எழுதுக.
5. உங்கள் ஊரில் பாம்பைக் குறித்து வழங்கும் செய்தி ஒன்றைப் பெற்றோரிடம் கேட்டறிந்து, அது உண்மையா என வகுப்பில் உரையாடுக.